புகையில்லா மருந்துக்கென அமைக்கப்படும் வாய்வழித் துப்பாக்கிகள்: வேட்டையாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோரிடையே, குழலின் வாய் வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துப்பாக்கிகளுக்குத் தனி இடம் உண்டு. அவற்றுள் கரிமருந்துக்குப் பதிலாகப் புகையில்லா வெடிமருந்தை ஏற்கும்படி ஒவ்வொன்றாகக் கையால் அமைத்துத் தரப்படும் துப்பாக்கிகளைப் பற்றியே இந்தக் கேள்வி பதில்கள் பேசுகின்றன. இத்தகைய துப்பாக்கிக்குச் சொல்லி வைக்க எண்ணுபவரும், ஏற்கெனவே வைத்திருப்பவரும் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. மருந்தின் எடை அளவுகளும் கடைசல் அளவுகளும் இங்கே தரப்படவில்லை. அவை குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்கு அதைச் செய்தவர் எழுத்தில் தர வேண்டியவை. ஒன்றுக்குச் சரியான அளவு இன்னொன்றுக்குக் கேடாக முடியும்.

இது எவ்வகைத் துப்பாக்கி? வழக்கமான ரைஃபிளிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

வழக்கமான ரைஃபிளில் மருந்து, குண்டு, அடிபட்டதும் நெருப்பைத் தரும் பிரைமர் மூன்றும் ஒரே பித்தளைத் தோட்டாவுக்குள் அடைக்கப்பட்டிருக்கும். அதைக் குழலின் பின்புறத்தில் இடுகிறோம். வாய்வழித் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. அளந்த மருந்தை முதலில் குழலின் வாயில் கொட்டி, அதன்மேல் குண்டை வைத்து, திணிக்கும் கோலால் அடிவரை தள்ளி, பிறகு பின்புறத்தில் பிரைமரைப் பொருத்த வேண்டும். பழைய வகைகளில் சிக்கிமுக்கிக் கல்லும், அதன்பின் வந்தவற்றில் செப்புத் தொப்பியும் நெருப்பைத் தந்தன. இன்றைய வகைகளில் குழலின் நேர்ப் பின்னால் பிரைமர் அமர்கிறது. இந்த நேர்க்கோட்டு அமைப்பு பரவலாவதற்கு, டோனி நைட் 1985-இல் கொண்டுவந்த எம்.கே.-85 என்னும் துப்பாக்கி பெரிய காரணம்.

இவற்றுள் மிகப் பெரும்பாலானவை கரிமருந்துக்கோ, அதற்கு ஈடாக விற்கப்படும் மாற்று மருந்துகளுக்கோ மட்டுமே செய்யப்பட்டவை. புகையில்லா மருந்தைத் தாங்கும்படி தொடக்கம் முதலே கணக்கிட்டு அமைக்கப்பட்டவை மிகச் சிலவே.

என்னிடம் நல்ல, புதிய வாய்வழித் துப்பாக்கி இருக்கிறது. அதில் கொஞ்சமாகப் புகையில்லா மருந்தை இட்டுப் பார்க்கலாமா?

கூடாது. எவ்வளவு குறைவான அளவாக இருந்தாலும் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

கரிமருந்து என்பது சுமார் 75 விழுக்காடு வெடியுப்பு, 15 விழுக்காடு கரி, 10 விழுக்காடு கந்தகம் சேர்ந்த கலவை. அது எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மீதி திடப்பொருளாகப் புகையிலும் குழலின் உட்சுவரிலும் தங்கிவிடுகிறது. அதன் எரியும் வேகம், சுற்றியுள்ள அழுத்தம் கூடும்போது ஓரளவுக்கே கூடுகிறது. ஆகவே வேட்டைக்கு இடும் வழக்கமான அளவில் குழலுக்குள் எழும் அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 25,000 பவுண்டுக்கு உட்பட்டே நிற்கிறது.

புகையில்லா மருந்தின் அடிப்பொருள் நைட்ரோசெல்லுலோஸ். அது ஏறத்தாழ முழுவதும் வாயுவாக மாறுகிறது. ஒரே எடைக்குக் கரிமருந்தைக் காட்டிலும் பலமடங்கு வேலை செய்கிறது. அதைவிட முக்கியமானது, அழுத்தம் ஏற ஏற அது எரியும் வேகமும் ஏறுகிறது என்பது. வேகம் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வேகம் மீண்டும் கூடும். இந்தச் சுழற்சியைத் தாங்குவதற்கென்றே இன்றைய ரைஃபிள்கள் செய்யப்படுகின்றன: .308 வின்செஸ்டர் தோட்டாவின் உச்ச அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கரிமருந்துக் குழல் இதற்கு அருகில்கூடச் செல்லும்படி செய்யப்பட்டதல்ல. அத்தகைய குழலில் புகையில்லா மருந்தை இட்டால் குழல் பிளக்கலாம். பின்புற அடைப்பு பிய்ந்து சுடுபவரின் முகத்தை நோக்கி வரலாம். இடது கைவிரல்களையும் கண்களையும் இழந்தவர்கள் உண்டு.

இதில் பலர் சிக்கும் மிகப் பெரிய கண்ணி அளவைப் பற்றியது. கரிமருந்தை வேட்டையாளர்கள் கன அளவால், சிறு குவளையைக் கொண்டு அளக்கிறார்கள்; "நூறு கிரெய்ன்" (கிரெய்ன் என்பது ஒரு சிறு எடை அலகு) என்று அவர்கள் சொல்வது அந்தக் குவளைக் கணக்கு. புகையில்லா மருந்தை எடையால் மட்டுமே அளக்க வேண்டும். பழைய பழக்கத்தில் அதே குவளையை நிரப்பிப் புகையில்லா மருந்தை இட்டவர், தான் செய்தது என்னவென்று அறிவதற்குள் காயப்பட்டிருப்பார். முதல் முறை ஒன்றும் ஆகவில்லை என்பதும் ஆறுதல் அல்ல. எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் முதல் முறை விழுந்து, ஐந்தாம் முறை வாய் திறக்கக்கூடும்.

அப்படியானால் பிளாக்ஹார்ன் 209 போன்ற மருந்துகள் எந்த வகையில் சேரும்?

நல்ல கேள்வி, குழப்பம் எழுவது இயல்பு. அந்த மருந்தில் நைட்ரோசெல்லுலோஸ் உண்டு, துரு ஏற்றும் தன்மை குறைவு, புகையும் கரிமருந்தைவிடக் குறைவு. ஆனால் அது கரிமருந்துத் துப்பாக்கியின் அழுத்த வரம்புக்குள் நிற்கும்படி வடிவமைக்கப்பட்டு, கன அளவால் அளக்கும்படி விற்கப்படும் மாற்று மருந்து. துப்பாக்கி செய்த நிறுவனம் அதை ஏற்றுக்கொண்டிருந்தால் இடலாம். அதைப் பார்த்துவிட்டு, ரைஃபிள் தோட்டா நிரப்பும் மருந்துகளும் அப்படித்தான் என்று எண்ணுவதுதான் ஆபத்து. குழலின் மேல் "கரிமருந்து மட்டும்" என்ற பொருளில் பொறித்திருந்தால், அதனை எழுத்துக்கு எழுத்து மதிக்க வேண்டும்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

புகையில்லா மருந்தைப் பிரான்சு நாட்டு வேதியியலாளர் பால் வியேய் 1884-இல் உருவாக்கினார். 1886-ஆம் ஆண்டின் லெபெல் ரைஃபிள் அதனைப் படைக்குக் கொண்டுசென்றது. நோபெலின் பாலிஸ்டைட்டும் பிரிட்டிஷாரின் கார்டைட்டும் அடுத்தடுத்து வந்தன. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில் 1900-களின் தொடக்கத்தில் எழுந்த கார்டைட் தொழிற்சாலை இந்த வரலாற்றின் ஒரு கிளைதான். ஆனால் இவையெல்லாம் தோட்டாவுக்காக வந்த மருந்துகள். வாய்வழித் துப்பாக்கி நூறாண்டுக்கும் மேலாகக் கரிமருந்தோடேயே இருந்தது.

அதை மாற்றியவர் வட கரோலினாவைச் சேர்ந்த ஹென்றி பால் என்னும் துப்பாக்கிக் கைவினைஞர். அவருடைய அமைப்பைச் சாவேஜ் என்னும் துப்பாக்கி நிறுவனம் ஏற்று, 2000-ஆம் ஆண்டை ஒட்டி 10எம்.எல். என்ற பெயரிலும், சிறிது காலத்தில் 10எம்.எல்.-2 என்ற பெயரிலும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. புகையில்லா மருந்தை இடலாம் என்று பெரிய நிறுவனம் ஒன்று வெளிப்படையாகச் சொல்லி விற்ற வாய்வழித் துப்பாக்கி அது. சுமார் பத்தாண்டுகளில் அதன் உற்பத்தி நின்றது. குழல் வெடித்ததாகச் சொல்லி வழக்குகளும் தொடுக்கப்பட்டன. அந்த இடைவெளியைத்தான் இன்று சிறு பட்டறைகள் நிரப்புகின்றன. ஆண்டுக்குச் சில துப்பாக்கிகளே செய்து, ஒவ்வொன்றையும் வாங்குபவரின் தேவைக்கேற்ப அமைத்துத் தருகின்றன.

இவ்வளவு ஆபத்து இருக்கும்போது வேட்டையாளர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள்?

தொலைவும் தூய்மையும் இரு காரணங்கள்.

அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்கள் சிலவற்றில் நிலம் தட்டையாகவும், பண்ணைகளும் குடியிருப்புகளும் அடர்ந்தும் இருப்பதால், நெடுந்தொலைவு செல்லும் குப்பிக்கழுத்துத் தோட்டா (வாய்ப்பகுதி குறுகிய தோட்டா) ரைஃபிள்களை மான் வேட்டைக்கு அனுமதிப்பதில்லை. மிச்சிகனின் தென்பகுதியில் நெடுங்காலம் இருந்துவந்த விதி இதற்கு எடுத்துக்காட்டு. அந்த விதிப்படி ஷாட்கன், நேர்ச்சுவர்த் தோட்டா (வாய்ப்பகுதி குறுகாத தோட்டா) ரைஃபிள், வாய்வழித் துப்பாக்கி முதலியனவே செல்லும். ஒஹாயோவிலும் நிலை ஏறத்தாழ இதுவே. அத்தகைய பகுதியில் சோயாபீன் வயலின் மறுகோடியில் நிற்கும் மானை நோக்கும்போது, கரிமருந்துத் துப்பாக்கியின் குண்டு விரைவாகக் கீழே இறங்கிவிடும். புகையில்லா மருந்தோடு அமைந்த நல்ல துப்பாக்கியில் குண்டு நொடிக்கு 2,500 அடிக்கு மேலும், சிலவற்றில் 3,000 அடியை ஒட்டியும் புறப்படுகிறது. கரிமருந்தில் பெரும்பாலும் 2,000 அடிக்குள்தான். பாதை தட்டையாவதால் தொலைவைத் தவறாக மதிப்பிட்டாலும் குண்டு விலகும் அளவு குறைகிறது.

தூய்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிமருந்தின் எச்சம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி எஃகை அரிக்கும். அன்றைக்கே நீர்விட்டுக் கழுவாவிட்டால் குழல் கெட்டுவிடும். ஒவ்வொரு சுடலுக்கும் இடையே துடைக்கவும் வேண்டும். புகையில்லா மருந்தில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இதற்கு எதிரான கருத்தும் உண்டு. அதை நான் மதிக்கிறேன். வாய்வழித் துப்பாக்கிக்கெனத் தனிப் பருவம் ஒதுக்கப்பட்டதே, நெருங்கிச் சென்று ஒரே சுடலில் முடிக்கும் பழைய வேட்டை முறையைக் காப்பதற்காக. முந்நூறு கெஜத்தில் சுடும் கருவி அந்த நோக்கத்தோடு பொருந்துமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. பல மாநிலங்கள் அந்தக் கேள்விக்குச் சட்டத்தின் வழியாகவே விடை கூறிவிட்டன.

எல்லா மாநிலங்களிலும் வாய்வழிப் பருவத்தில் இதைப் பயன்படுத்தலாமா?

இல்லை. கொலராடோவில் வாய்வழிப் பருவத்தில் புகையில்லா மருந்துக்குத் தடை உண்டு. வில்லைகளாக அழுத்திய மருந்துக்கும், பிளாஸ்டிக் உறையில் வைத்த குண்டுக்கும், தொலைநோக்கி பொருத்துவதற்கும் அங்கே இடமில்லை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பின் வரும் பருவம் சிக்கிமுக்கித் துப்பாக்கிக்கே உரியது. வேறு சில மாநிலங்கள் எந்த மருந்து என்று கேட்பதே இல்லை. அதே துப்பாக்கி, பொதுத் துப்பாக்கிப் பருவத்தில் செல்லுபடியாகி, வாய்வழிப் பருவத்தில் குற்றமாகவும் ஆகலாம்.

விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. ஆகவே துப்பாக்கிக்குச் சொல்லி வைக்கும் முன்னரே, நீங்கள் வேட்டையாடும் மாநிலத்தின் வனவிலங்குத் துறை அந்த ஆண்டுக்கு வெளியிட்ட வேட்டை விதித்தொகுப்பை எடுத்து, மருந்து, பற்றவைக்கும் முறை, குண்டு, பார்வைக் கருவி ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நண்பர் சொன்னதையோ விற்பவர் சொன்னதையோ நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வாய்வழித் துப்பாக்கிக்கு உரிமமோ பின்னணிச் சோதனையோ வேண்டாம் என்கிறார்களே?

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில், 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் "பழந்துப்பாக்கி" என்று ஒரு வகையை வரையறுத்து, அதைப் பெரும்பாலான கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குகிறது. கரிமருந்துக்கோ அதன் மாற்றுக்கோ எனச் செய்யப்பட்ட, தோட்டாவைச் சுட முடியாத வாய்வழித் துப்பாக்கிகள் அந்த விலக்கில் அடங்கும். ஆனால் அதே வரையறையிலேயே மூன்று விதிவிலக்குகள் உள்ளன: வழக்கமான துப்பாக்கியின் சட்டகத்தையோ ரிசீவரையோ (குழலும் விசையும் பொருந்தும் நடுப்பகுதி) உட்கொண்டவை, வேறு துப்பாக்கியிலிருந்து வாய்வழி வகையாக மாற்றப்பட்டவை, குழலை அல்லது போல்ட்டை (குழலின் பின்புறத்தை மூடிப் பூட்டும் தண்டு) மாற்றினால் எளிதில் தோட்டா சுடக்கூடியவை ஆகியவற்றுக்கு விலக்கு இல்லை.

தனியாக அமைக்கப்படும் புகையில்லா துப்பாக்கிகளில் பெரும்பாலானவை ரெமிங்டன் 700 போன்ற ரைஃபிளின் போல்ட் அமைப்பின்மீது கட்டப்படுபவை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவை முழுமையான துப்பாக்கிகளே. உரிமம் பெற்ற விற்பனையாளர் வழியாக, துப்பாக்கி வாங்குபவருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனைக்கு உட்பட்டே வாங்க வேண்டும். முதல் பதிப்புச் சாவேஜ் 10எம்.எல்.-ஐயும் கூட்டாட்சி அமைப்பு இவ்வாறே கருதியது. சட்டப்படித் துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவருக்கு, வாய்வழி என்ற பெயர் எந்தப் பாதுகாப்பும் தராது.

செய்பவரின் பக்கமும் இப்படியே. விற்பதற்காகத் துப்பாக்கி செய்பவர் கூட்டாட்சி உற்பத்தி உரிமம் பெற்றிருக்க வேண்டும். நீண்ட துப்பாக்கிகளின் விற்பனையில் 11 விழுக்காடு கலால் வரி உண்டு. 1937-ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டப்படி அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. ஆண்டுக்கு ஐம்பதுக்கும் குறைவாகச் செய்யும் சிறு பட்டறைக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டே தவிர, உரிமத்திலிருந்து இல்லை. உரிம எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

அமைப்பில் எதெது சாதாரணத் துப்பாக்கியிலிருந்து மாறுகிறது?

குழல், அதன் பின்புற அடைப்பு, அவற்றைப் பிடித்து நிற்கும் போல்ட் அமைப்பு ஆகிய மூன்றும்.

குழலைத் தரமான ரைஃபிள் குழல் செய்வோரிடமிருந்தே வாங்குகிறார்கள். துருவேறா எஃகில் 416ஆர் என்னும் வகையும், குரோமியம்–மாலிப்டினம் எஃகு வகைகளும் வழக்கில் உள்ளன. எஃகின் பெயரைவிட, அது எந்தத் தொகுதியிலிருந்து வந்தது, சான்றிதழ் இருக்கிறதா, பின்பகுதியில் சுவரின் தடிமன் போதுமா என்பவைதாம் கேட்க வேண்டியவை. உள்ளே உள்ள சுழல்வரிகளின் முறுக்கும் குண்டின் நீளத்துக்குப் பொருந்த வேண்டும். உருண்டைக் குண்டுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற மெதுவான முறுக்கு போதும். நீண்ட, கூர்மையான குண்டுகளுக்கு 28 அங்குலம், அதற்கும் குறைந்த நீளத்தில் ஒரு சுற்று என வேகமான முறுக்கு வேண்டும்.

பின்புற அடைப்பே இத்துப்பாக்கியின் உயிர்நிலை. பிரைமரின் நெருப்பு அதிலுள்ள ஊசித்துளை வழியாகச் சென்று மருந்தைப் பற்றவைக்கிறது. அடுத்த கணமே, மிகுந்த சூட்டோடும் அழுத்தத்தோடும் வாயு அதே துளை வழியாகத் திரும்பி வர முயல்கிறது. ஒவ்வொரு சுடலும் அந்தத் துளையைச் சிறிது அரித்துப் பெரிதாக்குகிறது. அது பெரிதானால் பின்னோக்கி வரும் வாயு கூடுகிறது, பிரைமர் கிழிகிறது, குண்டின் வேகமும் ஒரே சீராக இருப்பதில்லை. எனவேதான் நல்ல கைவினைஞர்கள் அந்த இடத்தில் டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடினப் பொருளாலான செருகலை வைத்து, அதைத் தனியே கழற்றி மாற்றும்படி அமைக்கிறார்கள். ஷாட்கன் பிரைமரான 209-க்குப் பதிலாகப் பெரிய ரைஃபிள் பிரைமரை ஏற்கும் தனிக் கூட்டைப் பலர் விரும்புவதற்கும் காரணம், அது உயர்ந்த அழுத்தத்தில் வாயுவை நன்கு அடைத்து நிற்பதே. எத்தனை சுடலுக்கு ஒருமுறை துளையை அளக்க வேண்டும், எந்த அளவைத் தாண்டினால் செருகலை மாற்ற வேண்டும் என்று செய்தவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் மிகையழுத்தச் சோதனை செய்து முத்திரை இட்ட பின்னரே விற்க முடியும். அமெரிக்காவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் துப்பாக்கியைச் செய்தவர் எப்படிச் சோதித்தார், சோதனைக்குப் பின் குழலை அளந்தாரா, விரிசல் பார்த்தாரா என்று கேட்பது உங்கள் உரிமை. இக்கேள்விக்கு எரிச்சல் கொள்ளாமல் விரிவாக விடை சொல்பவரே நல்ல கைவினைஞர் என்பது என் கருத்து.

எந்தக் குண்டு ஏற்றது?

.50 அளவுக் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்) கரிமருந்துத் துப்பாக்கிகளில், சிறிய குண்டைப் பிளாஸ்டிக் உறையில் வைத்து இடுவது பரவலான வழக்கம். புகையில்லா மருந்தின் அழுத்தத்திலும், சூடான குழலிலும் அந்த உறை இளகிக் கிழியக்கூடும். குண்டு சிதறிச் செல்லும். அதனால்தான் தனி அமைப்புகளில் .45 அளவுக் குழலும், உறையில்லாமல் நேரே குழலில் பொருந்தும் குண்டும் விரும்பப்படுகின்றன. இந்தக் குண்டு, அந்தக் குறிப்பிட்ட குழலின் உள்விட்டத்துக்கு ஆயிரத்தில் ஓர் அங்குல நுட்பத்தில் பொருந்த வேண்டும், அதாவது 0.025 மில்லிமீட்டர். தளர்ந்தால் மருந்து சரியாகப் பற்றாது, நடக்கும்போது குண்டு முன்னோக்கி நகர்ந்தும் விடலாம். இறுகினால் கோலால் அடிவரை தள்ள முடியாது. இதற்கெனக் குழலோடு ஓர் அச்சும் சேர்த்துத் தருவார்கள். குண்டை அதற்குள் செலுத்தி அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

குண்டின் உட்கட்டும் கவனத்துக்குரியது. கைத்துப்பாக்கியின் வேகத்துக்கெனச் செய்த குண்டு, நொடிக்கு 2,800 அடி வேகத்தில் மானின் தோள் எலும்பில் பட்டால், ஆழமாகச் செல்லாமல் மேற்புறத்திலேயே உடைந்துபோகலாம். விலங்கு காயத்தோடு ஓடும், மணிக்கணக்கில் துன்புறும். குண்டு செய்த நிறுவனம் எந்த வேக எல்லைக்குள் அதைப் பயன்படுத்தச் சொல்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. அங்கே வேட்டையாடுபவர் செப்புக் குண்டையே தேட வேண்டும். அதே எடைக்குச் செப்புக் குண்டு நீளமாக இருக்கும் என்பதால், முறுக்கைத் தேர்ந்தெடுக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும்.

மருந்திடும்போது எதில் மிகுந்த கவனம் வேண்டும்?

தோட்டா ரைஃபிளில் பித்தளைக் கூடே ஒரு வரம்பு. அதற்குள் கொள்வதற்கு மேல் மருந்து போகாது. வாய்வழிக் குழலில் அந்த வரம்பு இல்லை. இரண்டு மடங்கு மருந்தையும், இரண்டு குண்டுகளையும் அது மறுப்பின்றி வாங்கிக்கொள்ளும். கரிமருந்தில் இரட்டை மருந்து பெரும் உதைப்போடு தப்பிப் போகக்கூடும். புகையில்லா மருந்தில் எவ்வளவு வலிய குழலும் அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தனியாக அமைத்த துப்பாக்கி வலிமையானது என்ற எண்ணமே சிலரைக் கவனக்குறைவுக்குத் தள்ளுகிறது. அந்த வலிமை சரியான ஒரே அளவுக்கு மட்டுமே போதுமானது.

ஆகவே மருந்தை வீட்டில், அமைதியான நேரத்தில், சோதித்த தராசில் எடைபோட்டு, ஒவ்வொரு சுடலுக்கும் ஒரு சிறு குழாயாக அடைத்து, மருந்தின் பெயரையும் எடையையும் அதன்மேல் எழுதிவிட வேண்டும். ஒரு கிரெய்ன் என்பது 0.0648 கிராம், சமையலறைத் தராசு இதற்கு உதவாது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கலாம். காட்டுக்கோ சுடுகளத்துக்கோ மருந்து டப்பாவை எடுத்துச் செல்லவே கூடாது. எடைபோட்ட குழாய்கள் போதும். இட்டு முடித்த காலிக் குழாயை உடனே வேறு பையில் போட்டால், இட்டோமா இல்லையா என்ற ஐயம் எழாது.

திணிக்கும் கோலில் இரண்டு கோடுகள் கட்டாயம் வேண்டும்: குழல் காலியாக இருக்கும்போது கோல் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒன்று, சரியான மருந்தும் குண்டும் அமர்ந்தபின் எங்கே நிற்கிறது என்பதற்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் மருந்திடும் முன்னும் பின்னும் அந்தக் கோடுகளைப் பாருங்கள். கோடு மேலே நின்றால் இரட்டை மருந்தாகவோ, குண்டு மருந்தின்மேல் அமராமல் இடைவெளி விட்டு நிற்பதாகவோ இருக்கும். இரண்டிலும் குழல் வீங்கலாம், வெடிக்கலாம். அந்நிலையில் பிரைமரை வைக்காதீர்கள். பின்புற அடைப்பைக் கழற்றி, எல்லாவற்றையும் வெளியே தள்ளி, மீண்டும் தொடங்குங்கள். மருந்திடும்போது பேச்சுத்துணை வேண்டாம் என்று உடன் வந்தவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. இரட்டை மருந்து நேர்வது பெரும்பாலும் பேச்சு குறுக்கிடும் தருணத்தில்தான்.

கண்ணாடியும் காதடைப்பும் அணியாமல் சுடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ரைஃபிள் ஒன்றை வாங்கி, குழலை மட்டும் மாற்றி நானே அமைத்துக்கொள்ளலாமா?

கடைசல் வேலை தெரிந்த பலர் இதைக் கேட்கிறார்கள். நான் பரிந்துரைக்கவில்லை. மரை சுற்றத் தெரிவதும், சுடுபவரின் கண்ணுக்குச் சில அங்குலத் தொலைவில் பல்லாயிரம் பவுண்டு அழுத்தத்தை அடைத்து வைக்கும் பொறுப்பும் ஒன்றல்ல. எஃகின் வெப்பப் பதம், மரையின் இறுக்கம், போல்ட் பூட்டின் இடைவெளி ஆகியவற்றில் ஒன்று பிசகினாலும் அது வெளியில் தெரியாது. சட்டச் சிக்கல்களும் மாநிலத்துக்கு மாநிலம் உண்டு. உரிமமும் அனுபவமும் உள்ளவரிடம் கொடுங்கள். பல ஆயிரம் டாலர் செலவும் பல மாதக் காத்திருப்பும் அதற்குரிய விலை.

எவ்வளவு தொலைவில் சுடலாம்?

துப்பாக்கி தாங்கும் தொலைவு வேறு. நீங்கள் சுட வேண்டிய தொலைவு வேறு. மேசையில் மணல்மூட்டையின்மேல் வைத்து 300 கெஜத்தில் குண்டுகளை ஒரே இடத்தில் குவிக்கும் துப்பாக்கி, குளிரில் நடுங்கும் கையில், காற்று வீசும் வயலோரத்தில் அதே வேலையைச் செய்யாது. வேட்டையில் நிற்கும் நிலையிலேயே பயிற்சி செய்து, பத்துக்குப் பத்து முறையும் மானின் நெஞ்சளவுள்ள தட்டில் படும் தொலைவையே உங்கள் எல்லையாகக் கொள்ளுங்கள். இரண்டாவது குண்டை இட அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் கருவி இது. முதல் சுடலில் உறுதி இல்லையென்றால் விரலை விசையிலிருந்து எடுத்துவிடுவதே முறை.

துப்புரவு எப்படி?

கரிமருந்து போல் நீர்விட்டுக் கழுவ வேண்டியதில்லை. வழக்கமான ரைஃபிள் குழலைத் துடைப்பது போல் கரைப்பானாலும் துணியாலும் துடைத்து, மெல்ல எண்ணெய் இடலாம். ஆனால் மருந்திடும் முன் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். பின்புற அடைப்பின் மரைக்குச் செய்தவர் சொன்ன பசையை மட்டும் தடவி, பருவம் முடிந்ததும் கழற்றிப் பாருங்கள்.

விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில், அறிவித்து, சரக்குப் பகுதியில் அனுப்பலாம். கரிமருந்தையும் கொட்டு நிலையிலுள்ள புகையில்லா மருந்தையும் எந்தப் பையிலும் கொண்டுசெல்ல முடியாது. பிரைமருக்கும் இடமில்லை. ஊர் போய்ச் சேர்ந்தபின் வாங்க வேண்டும்; எனவே உங்கள் துப்பாக்கிக்குரிய அதே மருந்து அங்கே கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் வேறொன்றை இட்டுச் சமாளிக்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் இத்தகைய துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாமா? நாட்டுத் துப்பாக்கியில் இந்த மருந்து செல்லுமா?

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடைசெய்யப்பட்டது. துப்பாக்கி வைத்திருக்கவும் செய்யவும் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டப்படி உரிமம் வேண்டும். வாய்வழி வகைக்கும் இது பொருந்தும். பயிர்க்காவலுக்கென உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கிகள் கரிமருந்துக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் குழல் எந்த எஃகு, எத்தனை ஆண்டுப் பழையது என்பதே பலமுறை தெரியாது. அவற்றில் தோட்டாவைப் பிரித்தெடுத்த மருந்தை இடுவது உயிருக்கு உலை வைக்கும் செயல். யாராவது செய்வதாகச் சொன்னால் தடுத்து நிறுத்துங்கள்.

ஒருவர் பயன்படுத்திய துப்பாக்கியை வாங்கலாமா?

வாங்கலாம், சில நிபந்தனைகளோடு. அதை முதலில் செய்தவர் யார், இன்றும் தொடர்பு கொள்ள முடியுமா என்று பாருங்கள். அவர் தந்த எழுத்து வழிகாட்டி துப்பாக்கியோடு வர வேண்டும். எத்தனை முறை சுடப்பட்டது, பின்புறச் செருகல் எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு இருந்தால் நல்லது. குழலுக்குள் இறுகப் பொருந்தும் ஒரு துணித்துண்டைக் கோலால் மெல்லத் தள்ளிப் பாருங்கள்; ஓரிடத்தில் திடீரெனத் தளர்ந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது என்று பொருள், அந்தத் துப்பாக்கியை விட்டுவிடுங்கள். வெளிப்பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தாலும், முதல் சுடலுக்கு முன் அதைச் செய்தவரிடமோ தகுதியுள்ள வேறு கைவினைஞரிடமோ அனுப்பி, பின்புற அடைப்பையும் மரையையும் அளந்து, குழலில் விரிசல் சோதனை செய்து, எழுத்தில் முடிவு பெறுங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்லும் மருந்து அளவை ஏற்க வேண்டாம். செய்தவர் தந்த அளவுகளில் மிகக் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.